வெயிலில் கட்டிய மாடு

“வாயில்லாத சீவன இப்படிக் கொதிக்கிற வெயில்ல கட்டிப் போட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு பிள்ளை பெத்தவளா?”

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

இசைவாணி இடுப்பில் இருந்த கைப்பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அவள் வீட்டை ஒட்டியே தகரம் போட்ட மாட்டுக் கொட்டகை இருக்கிறது. அதைப் பூட்டி வைத்துவிட்டு, ஒரு செடி நிழல்கூட இல்லாத கரிசல் காட்டு ஓரத்தில் முளை அடித்து மாட்டைக் கட்டியிருந்தாள். மாடு நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கியது. முதுகில் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது.

தீவனத் திட்டத்து மேடம் அருணாதேவி, கையில் இருந்த மீட்டரை மாட்டின் மூக்குக்கு நேரே நீட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

மாடு அசைபோடும்போது ஏப்பத்தில் மீத்தேன் என்று ஒரு வாயு வருகிறதாம். அது ஊர் உலகத்துச் சூட்டையெல்லாம் கூட்டுகிறதாம். தீவனத்தை மாற்றினால் குறையும் என்று சொல்லி, ஒரு மாடு, ரெண்டு மாடு வைத்திருக்கிற வீடுகளுக்குப் போன மாசம் தவிட்டில் கலக்கிற பொடி கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு அளந்து பார்க்கிற நாள்.

“மத்த வீட்டிலெல்லாம் நல்லாக் குறைஞ்சிருக்கு. இந்த மாடு இப்படி மூச்சு வாங்குனா நான் எதை அளக்க? பொடி குடுத்தீங்களா இல்லையா?”

“குடுத்தேன் மேடம்.”

“அப்ப ஏன் வெயில்ல கட்டுறீங்க? நிழல்ல கட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

கூட வந்திருந்த பால் சங்கத் தலைவர் தங்கப்பாண்டியனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கு இந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கி வந்தவர் அவர். பட்டாசுக் கம்பெனியும் வைத்திருக்கிறார்.

“இவளால ஊர்ப் பேரே கெட்டுப்போகும் மேடம். சும்மா கிடைச்சா எவளுக்கும் அருமை தெரியாது. ஏத்தா, ஒரு மாட்டை ஒழுங்கா வச்சுக்கிட முடியலன்னா நாளையிலருந்து சங்கத்துக்குப் பால் ஊத்த வராத.”

இசைவாணியின் புருசன் சங்கிலிமுத்து தலைவரிடம்தான் லோடு வண்டி ஓட்டுகிறான். அதுவும் சீசனுக்குத்தான் வேலை. மற்ற நாளெல்லாம் அந்தப் பாலை வைத்துத்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

“அப்படிச் சொல்லாதீகய்யா” என்றாள்.

அருணாதேவி கொஞ்சம் தணிந்தார். “கொட்டகை இருக்கும்போது ஏன்மா இங்க கட்டுறீங்க? அதைச் சொல்லுங்க.”

இசைவாணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்கதான மேடம் சொன்னீக. சாண கேஸு அடுப்புல எரியுதே, அதே வாயுதான் மாட்டு வாயிலருந்தும் வருதுன்னு. அதான், தீப்பிடிச்சிருமோன்னு...”

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“கேட்டீகளா மேடம் கூத்த! கம்பெனில வெடிமருந்துக்குள்ள கை வச்சு வேலை பாத்தவ, மாட்டு ஏப்பத்துக்குப் பயந்துட்டா.”

“அப்ப ஒம் மாட்டுக்குத் தீவாளி ஆர்டரே எடுக்கலாம்டி” என்றாள் சண்முகத்தாய். “வாயத் தெறந்தாப் புஸ்வாணம்ல வரும்.”

அருணாதேவிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“அது கொஞ்சம்தான் வரும்மா. வர வரக் காத்துல கலந்து போயிரும். அதால கொட்டகை தீப்பிடிக்காது. வாங்க, நானே உள்ள கட்டுறேன்.”

சொல்லிக்கொண்டே மாட்டை அவிழ்த்துப் பிடித்தார்.

“ஒங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்?” என்று தலைவர் முன்னால் வந்தார். “அவ கட்டிக்கிடுவா. நாம அடுத்த வீட்டப் பாப்போம், வெயில் ஏறுது.”

“இல்ல சார், கொஞ்ச நேரம் நிழல்ல நின்னாத்தான் அளக்க முடியும். சாவியக் குடுங்கம்மா.”

இசைவாணி ஓடிப்போய்க் கொட்டகைக் கதவை மறித்து நின்றாள்.

“வேணாம் மேடம்.”

இப்போது அருணாதேவிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “என்னம்மா இது அநியாயம்? அந்த மாட்டுப் பாலத்தான உங்க பிள்ளை குடிக்குது? அதுக்காவது ஒரு இரக்கம் வேண்டாமா? உங்கள மாதிரி ஆளுங்களுக்கு மாடு எதுக்கு?”

“அப்படி என்னடி பொதையல் வச்சிருக்க உள்ள?” சண்முகத்தாயும் விடவில்லை. “தெற, நாங்களும் பாக்கோம்.”

இசைவாணி தலைவரைப் பார்த்தாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

பிள்ளை வீறிட்டு அழுதது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்.

“என்னோடது ஒண்ணும் இல்லக்கா. கம்பெனிக்கு ஆபீசருக செக்கிங் வாராகன்னு, நீங்கள்லாம் வேலைக்கு வேன் ஏறிப் போன பெறகு தலைவரய்யா எறக்கி வச்ச வெடிப் பெட்டிதான் கூரை முட்ட இருக்கு. வெளிய மூச்சு விட்டா எங்க வீட்டு ஆளுக்கு வேலை இல்லன்னுட்டாக. மாட்டைத்தான் என்னால தள்ளிக் கட்ட முடிஞ்சது. நாங்க இன்னும் அந்தச் செவுத்தை ஒட்டித்தான் படுத்துக் கெடக்கோம்.”