லிவர் நகரணும்

"லிவர் நகரணும். இல்லேன்னா முனியன் நகரணும். ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் வேதாந்தம்.

உத்திரமேரூர் கடைத்தெருவில், சாமுவேலின் வெல்டிங் பட்டறை வாசலில் அவருடைய டிராக்டர் நின்றது. வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. வேதாந்தம் பட்டறைக்குள் வரவில்லை. வெளியிலேயே குடையை ஊன்றி நின்றுகொண்டார்.

"எந்த லிவருங்க சாமி?" என்று சாமுவேல் கேட்டான்.

குடையை நீட்டிக் காட்டினார். டிரைவர் சீட்டுக்கு வலது பக்கம், மட்கார்டை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு உழவுச் சால் முடிந்து வண்டியைத் திருப்பும்போதும் கலப்பையை மேலே தூக்குகிற லிவர்.

"அதுக்கு இன்னா?"

"நான் இந்த மட்கார்டு மேலதான் உட்காருவேன். கூடவே உட்கார்ந்து வழி சொன்னாத்தான் உழவு ஒழுங்கா நடக்கும். டிரைவர் முனியன் லிவரை இழுக்கறச்சே எல்லாம் அவன் முழங்கை என் முட்டியில படறது."

"வலிக்குதுங்களா?"

"வலியெல்லாம் இல்லை. படறது." குரலைத் தாழ்த்தினார். "ஆத்துக்குப் போனா ஆம்படையா பெருந்தேவி கிணத்தடியிலயே நிறுத்திடறா. தலை முழுகாம உள்ள விடமாட்டேங்கறா."

"ஒரு நாளைக்கு எத்தினி தபா படும் சாமி?"

"எண்ணிட்டேன். நாப்பது."

"நாப்பது தபாவும் முழுவுறீங்களா?"

"மொத்தமா ஒரு தடவை" என்று சொல்லிவிட்டுத் தும்மினார்.

"எடது பக்கம் உக்காரலாமே?"

"அங்க டூல்ஸ் பெட்டி இருக்கே."

சற்றுத் தள்ளி நின்ற முனியனின் முதுகில் குடை நுனியால் ஒரு குத்து குத்தினார். கூப்பிடுகிறார் என்று அர்த்தம். முனியன் வந்தான். அவனுடைய காக்கிச் சட்டையின் முதுகில் சின்னச் சின்னதாக நிறைய ஓட்டைகள் இருந்தன.

முனியன் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். இந்த வேலை போனால் மறுபடியும் நாற்றுக்கட்டு சுமக்க வேண்டியதுதான். அதனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏறி உக்காருங்க சாமி. பாத்துடலாம்" என்றான் சாமுவேல்.

வேதாந்தம் மட்கார்டில் உட்கார்ந்தார். முனியன் சீட்டில் ஏறி லிவரை இழுத்தான். முழங்கை முட்டியில் பட்டது.

"நாப்பத்தொண்ணு" என்றான் சாமுவேல்.

வேதாந்தம் இறங்கினார். "முதல் ரெண்டு மாசம் இப்படிப் படலையேடா."

"புது வண்டி அப்டித்தான் சாமி. ஓட ஓடத்தான் ஒவ்வொண்ணும் அதது எடத்துக்கு வரும். இப்ப வந்துகீது."

"வந்ததைக் கொஞ்சம் உள்பக்கமா வளைச்சு விடேன். அதுக்குத்தானே உன்கிட்ட கொண்டுவந்தேன்."

சாமுவேல் குனிந்து பார்த்தான். படுத்துப் பார்த்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"வளைக்கணும்னா சூடு காட்டணும். சூடு காட்டினா உள்ள இருக்கிற வாஷர் வெந்துபூடும், ஆயில் ஒழுவும், கலப்பை தூக்காது. மெட்ராஸ்லேர்ந்து கம்பெனி ஆள் வரணும். பத்து நாள் வண்டி நிக்கும்."

"பத்து நாளா? நாளைக்கு ஏரி மதகு திறக்கறாளே."

"அதான் சொல்றேன். கம்பெனிக்காரன் வச்ச எடம். நம்ம கை வைக்கக் கூடாது."

வேதாந்தம் யோசித்தார். "அப்போ ஆளைத்தான் மாத்தணும்."

முனியன் தரையைப் பார்த்தான்.

"மாத்துங்க சாமி. வர்றவனுக்கும் முழங்கை இருக்குமே" என்றான் சாமுவேல்.

"நம்ம ஆராவமுதன் இருக்கான். என் தமக்கை பிள்ளை. அவன் பட்டா தோஷமில்லை."

"அவரு ஓட்டுவாரா?"

"போன வெள்ளிக்கிழமை ஓட்டினான்."

"எப்டி ஓட்டினாரு?"

வேதாந்தம் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வைக்கோல் போருக்குள்ள போயிட்டான்" என்றார். "ஆளை வெளியில எடுத்தாச்சு. வண்டியை இவன்தான் எடுத்தான்."

சாமுவேல் சுத்தியலை எடுத்துப் பெட்டியில் போட்டான்.

வேதாந்தம் மறுபடியும் தும்மினார். மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏண்டா முனியா, நான் வரப்புல நின்னு சொன்னா உனக்குக் கேக்குமா?" என்றார்.

"இஞ்சின் சத்தத்துல கேக்காதுங்க சாமி. கையைக் காட்டுங்க, பாத்துக்கறேன்."

"பார்த்துப்பியா?"

"பாக்காம எங்க போறேன் சாமி."

"சரி. இனிமே நான் வண்டியில ஏறலை. வரப்புலயே நிக்கறேன். நீயே ஓட்டு. உழவு கோணினா மட்டும் உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"சரிங்க சாமி."

குடையை விரித்துக்கொண்டு பெருமாள் கோயில் தெருப்பக்கம் நடந்தார். தெருமுனையில் திரும்புகிறபோதும் ஒரு தும்மல் கேட்டது. பிறகு குடையும் மறைந்தது.

முனியன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சாமுவேல் மட்கார்டில் கையை ஊன்றி, லிவரைத் தடவிப் பார்த்தான்.

"முனியா, போன மாசம் நீ கேட்டேன்னு மூணு அங்குலம் வெளிய வளைச்சனே, இனிமே அத்தப் பழையபடி உள்ள தள்ளிடட்டுமா?"

"இருக்கட்டும்ணா" என்றான் முனியன். "ஜலதோஷம் போனா மறுபடியும் ஏறுவாரு."