கப்பல் வேலை

"இன்னும் ஒரு நாள் வீட்டுல இருந்தா ஜெயில் என்ன இடிஞ்சா விழுந்துடும்?" கேக்கைப் பொட்டலம் கட்டியபடி பொருமினாள் ஹெதர்.

"கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சுபோச்சு. இருட்டறதுக்குள்ள உள்ள இருக்கணும். லேட்டானா என் கதி அவ்வளவுதான்," என்றான் வெஸ்லி.

"பக்கத்து வீட்டுக்காரி கேட்டா?"

"வழக்கம்போல கப்பல்ல வேலைன்னு சொல்லு."

"ஒரு மீனாவது கொண்டு வந்தானான்னு நக்கலடிக்கிறா!"

வெஸ்லி சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். ஈரத்தரையில் மண்டியிட்டு, காருக்கு அடியில் நன்றாகப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பெல்பாஸ்ட்டைத் தாண்டி ஜெயிலுக்கு வந்ததும் வார்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். லீவில் போன கைதிகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியாக வந்தவன் ஃபெர்கல். வார்டர்களைக் குறிவைத்துக் கொன்ற ஆயுதக் கூட்டத்தைச் சேர்ந்தவன்; ஒரு வார்டரின் காருக்கு அடியில் குண்டு வைத்துவிட்டு உள்ளே வந்தவன்.

சோதனைக்காகக் கைகளைத் தூக்கிய ஃபெர்கல், வெஸ்லியின் முட்டியைப் பார்த்தான்.

"சேறா இருக்கே. இன்னுமா குனிஞ்சு பாக்குற?"

"பழகிப்போச்சு."

"எங்காளுங்கதான் சண்டையை நிறுத்திட்டாங்களே. லீவுல எங்க தலைவருங்களையே பார்த்துப் பேசிட்டு வரேன். இனிமே எவனும் உங்க கார்கிட்ட வரமாட்டான். நிமிர்ந்து நடய்யா!"

வெஸ்லி கேக்கில் பாதியைப் பிட்டு ஃபெர்கலின் பைக்குள் வைத்தான். பிறகு வீட்டுக்குப் போன் போட்டான்.

"ஹெதர், பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, நான் கப்பலை விட்டு இறங்கிட்டேன், ஜெயில்லதான் வேலைன்னு சொல்லிடு."