மெஷின் சத்தம்

மண்ணூரில், வீட்டின் பின்புறம், முருங்கை நிழலில் எழிலரசி கைபேசியைப் பிடித்தபடி நிற்கிறாள். விடியற்காலையில் மாமனார் இறந்துவிட்டார். முன்வாசலில் பறை முழங்குகிறது. சொகுசுக் கப்பலில் பரிமாறும் வேலையிலிருக்கும் கணவன் இனியவனிடம் அவள்தான் சொல்லியாக வேண்டும். ஒரகடத்திலிருந்து இரவு ஷிப்டு முடித்து, கம்பெனி சீருடையிலேயே ஓடிவந்த அவனுடைய தம்பி, சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சுகிறான். திரையில் இனியவன், ஊழியர்கள் துணி துவைக்கும் அறையில் பனியனோடு நிற்கிறான். அவனுக்குப் பின்னால், மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளைச் சட்டைகளோடு ஒரு நீல மஃப்ளரும் புரள்கிறது. “அப்பாவுக்குத்தான் எழிலு. பனியில இழுப்பு வருதுன்னியே. புதுசு, கழுத்துல குத்தும். அதான் என் துணியோட தொவைச்சிகினு கீறேன்.” “மாமா...” என்கிறாள். “கேக்கல, மெஷின் சத்தம். கத்திச் சொல்லு.” அவள் கைபேசியை வாயருகே கொண்டுபோகிறாள். மெஷின் நிற்கிறது. அவன் மஃப்ளரை உருவியெடுத்து, அவள் பார்க்கட்டும் என்று உயர்த்திப் பிடிக்கிறான். அந்த அமைதியில் பறை அவனுக்கும் கேட்கிறது. “இன்னா மோளம் எழிலு? யார் வூட்ல?” அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். உயர்த்திய கை இறங்காமலே, “நம்ம வூட்லயா?” என்கிறான்.