கோபர்நிகஸுக்குப் பாயசம்

"கோபர்நிகஸா? அவன் யாருடா நமக்கு, சம்பந்தியா, பங்காளியா?"

சீனி டின்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள் வாலாம்பாள்.

தம்பி அனந்தபத்மநாபன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பாயசம் வைக்கத் தயாராக நின்றான். காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவன். நின்ற கோலம் என்னவோ கல்யாண வீட்டுச் சமையல்காரன்தான்.

"சூரியன் சுத்தல்லே, பூமியாக்கும் சுத்தறதுன்னு சொன்னவர் அக்கா. இன்னிக்கு அவர் பொறந்த நாள்."

"எது சுத்தினா என்ன? ரேஷன் கடையைச் சுத்தறது நாமதானே?"

கல்லிடைக்குறிச்சியிலிருந்து பொங்கல் கழிந்து, மலையாளத்துக் கரமனையில் இருந்த தம்பி வீட்டுக்கு வந்தவள் வாலாம்பாள். வந்த நாளாக இந்தக் கூத்தைப் பார்க்கிறாள். தம்பியின் தலைக்குள் ஒரு காலண்டர் இருந்தது. பல் தேய்த்துவிட்டு வந்ததும், இன்று யார் பிறந்தார், யார் செத்தார், எங்கே சண்டை மூண்டது என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவான்.

அதோடு விட்டால் பரவாயில்லை. தை மாதம் ஜேம்ஸ் வாட் பிறந்தான் என்று ஒரு பால் பாயசம். போன வாரம் எடிசன் பிறந்தான் என்று இன்னொன்று.

"லைட் கண்டுபிடிச்சவராக்கும் அக்கா."

"அவன் லைட்டு இன்னும் நம்மாத்துக்கு வரவே இல்லையேடா!"

நடுவில் ஒரு நாள் கேப்டன் குக் செத்த தினம் என்றான். "அவனுக்குத் திவசமும் நீதான் பண்ணப் போறயா?" என்று கேட்டாள். சிரித்தானே தவிரத் திருந்தவில்லை. ஏசிக்கொண்டே அவளும் ஒவ்வொரு தடவையும் இரண்டு டம்ளர் குடித்தாள் என்பது வேறு விஷயம்.

தன் காபியில் ஒரு சிட்டிகை சீனி போட்டுக்கொள்ள மாட்டான். கசக்கக் கசக்கக் குடிப்பான். ஊரான் பிறந்தநாள் என்றால் மட்டும் டின்னைக் கவிழ்ப்பான். அதைவிட ஆத்திரம், முதல் டம்ளர் பெண்டாட்டி விஜயத்துக்கு.

"சுவாமிக்கு நைவேத்யம் பண்ணாமே அவளுக்கா?"

"சாரமில்லே அக்கா, பரவாயில்லே. சுவாமி கோவிச்சுக்க மாட்டார்."

விஜயம் விஷயத்தில் வாலாம்பாளுக்கு ஏற்கனவே ஒரு குறை உண்டு. மலையாள வருஷம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் ஊரையே முக்கியெடுத்த வெள்ளத்தில் அப்பா, அம்மா, ஜாதகம் எல்லாவற்றையும் பறிகொடுத்த கைக்குழந்தை அவள். எங்கேயோ இருந்த மாமா எடுத்து வளர்த்தார். பிறந்த நாளும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணமே நடந்தது.

முந்தாநாள் கோவிலில் வீட்டார் எல்லார் பேருக்கும் அர்ச்சனைச் சீட்டு வாங்கினாள் வாலாம்பாள். "அனந்தபத்மநாபன், ரோகிணி" என்று மளமளவென்று சொல்லி வந்தவள், "விஜயம்" என்று நிறுத்தினாள்.

"நட்சத்திரம்?" என்று நிமிர்ந்தார் சீட்டு எழுதுகிறவர்.

"அவளுக்குக் கிடையாது. விட்டுடுங்கோ."

விஜயம் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்று வாலாம்பாள் ஒரு முடிவோடுதான் இருந்தாள். சீனி டின்னைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் ஊருக்குப் போற மட்டும் இந்த ஆத்திலே எவனும் பொறக்கப்படாது. போறும்! உங்க மலையாளத்திலே சொன்னா, மதி!"

"அக்கா, இன்னிக்கு மாத்திரம்..."

கெஞ்சினான். அவள் அசையவில்லை. துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, முகம் சுண்டிப்போய்க் காலேஜுக்குக் கிளம்பினான்.

வாலாம்பாள் விஜயத்திடம் திரும்பினாள்.

"நீயாவது சொல்லப்படாதோடி? ஒரு மனுஷனுக்கு நாக்கு இவ்வளவா நீளம்?"

விஜயம் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவர் நாக்குக்காக இல்லே அக்கா. கல்யாணமான வருஷம் அவர் நட்சத்திரத்துக்குப் பாயசம் வச்சேன். 'உன்னோடது என்னிக்கு?'ன்னு கேட்டார். தெரியாதுன்னு சொல்றச்சே அழுதுட்டேன்."

"அதுக்கு?"

"'வருஷத்திலே ஏதோ ஒரு நாள் உன்னோடதுதானே? அது இன்னிக்காவே இருந்துட்டா? பாயசம் இல்லாமே போயிடப்படாது'ன்னார். தினம் வைக்கச் சீனிக்கு எங்கே போறது? அதான் தன் காபிச் சீனியை மிச்சம் பிடிச்சு, சேர்ந்தப்போ வைக்கறார். ஒரு வருஷம் வச்ச நாள்லே அடுத்த வருஷம் வைக்க மாட்டார். என்னிக்காவது சரியான நாள்லே விழுந்துடுமாம்."

"அதை நேரே சொன்னா என்ன? நடுவிலே கோபர்நிகஸ் எதுக்கு?"

"நாள் தெரியாதவள்னு யாரும் என்னைப் பரிதாபமாப் பார்க்கப்படாதாம்."

வாலாம்பாளுக்குக் கோவில் தூண் ஞாபகம் வந்தது. தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் காலை அனந்தபத்மநாபன் கசப்புக் காபியோடு உட்கார்ந்திருந்தபோது, குளித்து முடித்து, கையில் இலைப் பொட்டலத்தோடு வெளியிலிருந்து வந்தாள் வாலாம்பாள்.

"இன்னிக்கு யாருடா பொறந்தது?"

அவன் பயந்துபோனான். "யாரும் இல்லே அக்கா."

"நன்னா யோசிச்சுச் சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சு இன்னிக்கு யாருமே பொறக்கல்லே அக்கா. சத்தியமா."

வாலாம்பாள் பொட்டலத்தைப் பிரித்தாள். விஜயத்தைப் பக்கத்தில் இழுத்து நெற்றியில் சந்தனத்தை இட்டாள். பிறகு பெட்டிச் சாவியைத் தம்பியின் முன்னால் வைத்தாள்.

"அப்போ நாள் காலிதானே? இன்னிக்குப் பூசம். 'விஜயம், பூச நட்சத்திரம்'னு சீட்டு வாங்கி அர்ச்சனையே பண்ணிண்டு வந்துட்டேன். என்னடா முழிக்கறே, துண்டைக் கட்டிண்டு பாலை அடுப்பிலே வை!"