ஃபில்டர் இல்லாத பைப்

மத்தியான வெயில் ஜன்னல் இடுக்குகள் வழியே கோடு கோடாகத் தரையில் விழுந்து கிடக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வுபெற்ற கஸ்பார், புகைபிடிக்கும் பைப்பின் தண்டைக் கழற்றிப் பழுப்பேறிய ஃபில்டரை உருவிப் போடுகிறார். மேசைமேல் டப்பா நிறையப் புது ஃபில்டர்கள். எடுக்கவில்லை. தண்டை வெறுமனே மாட்டிப் பற்றவைக்கிறார். நாக்கு வெந்துபோகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? உறிஞ்ச ஃபில்டர் இல்லாமல் உள்ளே ஊறும் கசப்புநீர் இழுப்புக்கு இழுப்பு களகளக்கிறது. கண் ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் மனைவி ஃபிலோமினா முகம் சுளிக்கிறாள். “இன்னா சத்தம்? பில்டரு போடலியா?” “தீந்துபூடுச்சி.” “நாத்தம் கொடலப் புடுங்குது.” ராத்திரி முழுக்க ‘இருக்கீங்களா, இருக்கீங்களா’ என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததில் பொட்டுத் தூக்கமில்லை. பைப்பைக் கவ்வியபடியே அவருக்குக் கண் சொருகுகிறது. சத்தம் நின்றுபோகிறது. அவள் கை கட்டிலைத் துழாவுகிறது. அவர் கண்ணைத் திறக்காமலே ஒரு இழுப்பு இழுக்கிறார். களகள. கை அடங்குகிறது.