சவர்க்காரம் கேட்ட கை

கடலோர ஊரான அரிப்பில் வேதக்கோயில் திருவிழாவுக்கு வந்து கூடாரம் அடித்தவர்களுக்கு நாலு பொதுக் குளியலறைகள் இருந்தன. ஏ.எல். சோதனை முடிந்த கையோடு தாழ்வுபாட்டிலிருந்து வந்த கிறிஸ்ரினாவுக்கு அங்கத்தைய ஒழுங்குகள் ஒரே நாளில் பாடமாகிவிட்டன. குறுக்குக்கட்டோடுதான் உள்ளே போகவேண்டும். கதவில் துவாய் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. நடுவிலுள்ள தகரத் தடுப்புகள் நிலத்தை முட்டாதபடியால், பக்கத்து அறைக்காரி அடியால் கை நீட்டிச் சவர்க்காரம் கேட்டால் மறுக்காமல் கொடுக்கவேண்டும்.

முதன்முறை கூடாரத்தில் தங்குகிற சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசி அறையில், முகம் முழுக்க நுரையோடு அவள் பாடிக்கொண்டிருக்க, வலப்பக்கத்து அடியால் ஒரு கை நீண்டது. கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சவர்க்காரம் திரும்பி வந்தது.

"நன்றி பிள்ளை."

"பரவாயில்லை அக்கா, கெதியா வாங்கோ. சுருவ ஊர்வலம் வெளிக்கிடப் போகுது!"

முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். இடப்பக்கம் தகரம். வலப்பக்கம் நிலம்வரைக்கும் கட்டிய கல்சுவர். அதற்கு அப்பால் வெறும் மணலும் கடலுமே இருந்தன.

அடுத்தநாள் நாலு அறையும் வெறுமையாக இருந்தும் அவள் கடைசி அறைக்கே ஓடினாள். புதுச் சவர்க்காரம் ஒன்றை உறையோடு கல்சுவரடியில் வைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள்.

"கை ஈரமாக் கிடக்குது பிள்ளை," என்றது அந்தக் குரல். "உறையைக் கழட்டித் தாங்கோவன்."