குதிரை கட்டும் கல்

“மெதுவா தோண்டுங்க. கடப்பாரையை அப்படி ஓங்கிப் போட்டா உள்ள இருக்கறது தூளாயிடும்,” என்றாள் பெகிமாய்.

“உள்ள என்ன முட்டையா இருக்கு? அச்சாபீஸ்ல அடிச்ச ஒரு காகிதம்,” என்று முனகியபடி, அவள் கணவன் உலார்பெக் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளினான்.

பிஷ்கெக்கில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெகிமாய்க்கு, எழுத்தாளர் குபானிச்சின் புது நாவல் ஏறக்குறைய மனப்பாடம். நூறு ஆண்டுகளுக்கு முன் கோக்-சாய் பள்ளத்தாக்கில் கூடிய தலைவர்கள், ‘இனி நாங்கள் யாருக்கும் அடிமையில்லை’ என்று எழுதி முத்திரை குத்திய பிரகடனத்தைத் தேடுகிற கதை. பிரகடனத்தின் வாசகம் அந்தக் காலத்துப் பத்திரிகையிலேயே வந்திருந்தது. மூலப் பத்திரம்தான், செஞ்சேனை வந்த வாரத்தில் மாயமாய் மறைந்துபோனது. நாவலின் நாயகன் குண்டடிபட்டு, அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள பாழடைந்த மாவு ஆலை வரை வந்து, அது கிடைக்காமலே திரும்புகிறான்.

பதிப்பகம் ஒரு போட்டி அறிவித்திருந்தது. நாயகன் கடைசியாகக் குதிரையை விட்டு இறங்கிய இடத்தில் பிரகடனத்தின் நகல் ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நூலக விழாவுக்கு முதலில் வருபவரின் பெயர்தான் அடுத்த நாவலில் வரும் நாயகிக்கு, அல்லது நாயகனுக்கு.

ஓஷ் நகரிலிருந்து ஜீப்பில் வந்த கல்லூரிப் பசங்கள் ஆலைக்குள் ஒரு கல் விடாமல் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பெகிமாய் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குதிரையோடு யாராவது ஆலைக்குள் போவார்களா? வெளியே, ஓடைக்கரையில் சாய்ந்து கிடந்த குதிரை கட்டும் கல்லின் அடியைத்தான் தோண்டச் சொன்னாள்.

முழங்கை ஆழம் போயிற்று. இவ்வளவு பாடுபட்டா புதைப்பார்கள், பதிப்பகத்தாருக்கு வேறு வேலையில்லையா என்று உலார்பெக் புலம்ப ஆரம்பித்த நேரத்தில் விரலில் தகரம் தட்டுப்பட்டது.

துருவேறிய டப்பா. உள்ளே கொழுப்புத் தடவிய தோல் உறை. அதற்குள் பழுத்த காகிதம். அந்தக் காலத்து வழக்கப்படி அரபு எழுத்தில் வரிகள், கீழே வரிசையாக முத்திரைகள்.

பெகிமாய் அதை அப்படியே உறைக்குள் செருகினாள். “கத்தாதீங்க. சும்மா நடந்து போய் வண்டியை எடுங்க,” என்றாள்.

சொன்னவளே மூன்றாவது அடியில் ஓட ஆரம்பித்துவிட்டாள். பசங்கள் பார்த்துவிட்டார்கள்.

கணவாய் வரை ஜீப் விடாமல் துரத்தியது. வளைவுக்கு வளைவு நெருங்கி வந்து ஹாரன் அடித்தது. உலார்பெக் இருபது வருஷமாக டாக்சி ஓட்டுகிறவன். ஆனாலும் அவனுடைய பழைய வண்டி மேட்டில் மூச்சு வாங்கியது. இறக்கத்தில் ஓர் ஆட்டுமந்தை சாலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பெகிமாய் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

“அண்ணே, எங்களை மட்டும் விட்டுட்டு வழியை அடைச்சிடுங்க. பின்னால வர்றவங்க என்னைக் கட்டாயக் கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போக வர்றாங்க!”

குதிரை மேலிருந்த மேய்ப்பர் அவளையும் உலார்பெக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “உன்னையா? சரி, போ,” என்று சிரித்துவிட்டு ஆடுகளைச் சாலையில் திருப்பினார். ஜீப் கம்பளிக் கடலில் நின்றுபோனது.

நூலக மண்டபத்தில் குபானிச் பேசிக்கொண்டிருந்தார். அது வெறும் கதையில்லை என்றார். அந்தப் பத்திரத்தைத் தேடி இருபது ஆண்டுகள் அலைந்தாராம். கோக்-சாய் ஆலைத் தளத்தை அவரே இரண்டு முறை பெயர்த்துப் பார்த்திருக்கிறார். அது இனி கிடைக்காது என்று மனசு விட்டுப்போன பிறகுதான் நாவல் எழுத உட்கார்ந்தார். நகல் செய்வது, ஒளித்து வைப்பது எல்லாம் பதிப்பக மேலாளர் ஜானிபெக்கின் பொறுப்பு. நகல் எப்படியிருக்கும் என்று தனக்கே தெரியாது, உங்களைப் போலத்தான் காத்திருக்கிறேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், முழங்கால் வரை சேறோடு பெகிமாய் மேடையில் ஏறினாள்.

மண்டபமே எழுந்து நின்றது.

குபானிச் தோல் உறையைப் பிரித்தார். காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். முகர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“இவ்வளவு தத்ரூபமா செய்வாங்கன்னு நான் நினைக்கல. சாகறதுக்குள்ள இதை ஒருதரம் கையில வாங்கிப் பார்க்கணும்னு இருந்தேன். நகலாவது கிடைச்சுது.”

“அதுல உங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க ஐயா,” என்றாள் பெகிமாய். “கடையில கண்ணாடி போட்டு மாட்டணும். தெருவுலேர்ந்து பார்த்தாலும் தெரியற மாதிரி பெருசா.”

யாரோ தடித்த கறுப்பு மார்க்கர் ஒன்றை நீட்டினார்கள். குபானிச் சிரித்துக்கொண்டே காகிதத்தை மேஜை மேல் விரித்து, முத்திரைகளின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ‘என் அடுத்த நாயகி பெகிமாய்க்கு, அன்புடன் குபானிச்’ என்று எழுதினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, கல்யாண விருந்துக் கோட்டுகூட மாற்றாமல் ஜானிபெக் பக்கவாட்டுப் படியேறி வந்து அவர் காதருகே குனிந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க ஐயா, அக்கா பொண்ணு கல்யாணத்துல ரெண்டு நாளா என்னை விடவே இல்ல. நகல் இன்னும் என் கார் டிக்கியிலதான் இருக்கு. போட்டியை ஒரு வாரம் தள்ளி வச்சுடலாமா?”